உங்களுக்குத் தெரியுமா? டிஸ்க்கைவிட்டு வராத அந்தச் சின்ன ஸ்க்ரூ

◆ வீட்டு வாசலிலேயே காரின் பிரேக் டிஸ்க்கை மாற்றிவிடலாம் என்று உட்காருகிறவரைப் பாதியில் நிறுத்துவது டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பெரிய போல்ட்டுகள் அல்ல. டிஸ்க்கின் முகத்தில் தலை அமுங்கிக் கிடக்கும் 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூதான். ஹோண்டா, ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் டிஸ்க்குக்கு இரண்டு இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் பெரும்பாலும் ஒன்று. ஸ்க்ரூவின் ஸ்டார் வெட்டு தேய்ந்து மொழுமொழுவென்று ஆனதும், ‘சக்கரத்தைத் தாங்கும் ஹப்பே போய்விட்டது’ என்று பயந்து இழுவை வண்டிக்குச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. கார் ஓடும்போது அந்த ஸ்க்ரூவுக்கு வேலையே கிடையாது.

டிஸ்க்கை உண்மையில் பிடித்திருப்பவை வீல் நட்டுகள். ஹோண்டா சிட்டியின் 12 மில்லிமீட்டர் வீல் நட்டை 108 நியூட்டன் மீட்டர் முறுக்கச் சொல்கிறது கம்பெனி. கணக்குப் போட்டால் ஒரு நட் ஏறத்தாழ நாலரை டன் விசையோடு சக்கரத்தையும் டிஸ்க்கையும் ஹப்பின் மேல் அழுத்துகிறது. நான்கு நட் சேர்ந்தால் 18 டன். அந்தச் சின்ன ஸ்க்ரூவுக்குச் சொல்லப்பட்ட முறுக்கோ வெறும் 10 நியூட்டன் மீட்டர்தான். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற அளவு, அவ்வளவே.

பிறகு எதற்கு வைத்தார்கள்? தொழிற்சாலையில் கார் நகர்ந்துகொண்டே இருக்கும்போது, சக்கரம் மாட்டும் வரைக்கும் டிஸ்க் ஆடாமல், விழாமல் இருப்பதற்கு. அதன் பிறகு ஒரு சிறு உதவியும் செய்கிறது: டயர் மாற்றும்போது டிஸ்க் சாய்ந்து, துருத் தூள் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே விழாமல் பார்த்துக்கொள்கிறது. மாருதி சுஸுகி கார்கள் பலவற்றில் இந்த ஸ்க்ரூவே கிடையாது. அவை நன்றாகத்தான் நிற்கின்றன.

◆ ஆகவே இந்த வேலையில் காப்பாற்ற வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று, ஹப். பழைய டிஸ்க் எப்படியும் பழைய இரும்புக்குப் போகப்போகிறது. ஸ்க்ரூ சில பத்து ரூபாய்ச் சரக்கு. இவை இரண்டில் எதைச் சிதைத்தாலும் நஷ்டமில்லை என்று தெரிந்துவிட்டால் கை பதறாது. பதறாத கைக்குத்தான் ஸ்க்ரூ வரும்.

◆ 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து ஒரே மூச்சில் நின்றால், அதன் ஓட்ட ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க அந்த வெப்பம் போதும். அதில் பெரும் பங்கு முன்பக்க டிஸ்க் இரண்டுக்கும் போகிறது. ஹைதராபாத்தின் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் வேகமாக வந்து சுங்கச்சாவடியில் நிற்கும்போதும், ஜூபிலி ஹில்ஸ் சரிவுகளில் இறங்கும்போதும் டிஸ்க் சூடாகி ஆறுகிறது. வருடக்கணக்கில் இப்படிச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஸ்க்ரூ தன் பள்ளத்தில் இறுகிவிடுகிறது.

அதன் வடிவமும் சேர்ந்துகொள்கிறது. தலை தட்டையாக இல்லை, கூம்பாக இருக்கிறது. கூம்பின் சுற்றுப்புறம் முழுவதும் டிஸ்க்கோடு ஒட்டியிருப்பதால், கழற்றும்போது மரையைவிடத் தலைதான் அதிகம் மல்லுக்கட்டும். நடுவில் துரு புகுந்தால் கேட்கவே வேண்டாம். இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த இடுக்கில் கொடுப்பதற்கு இடம் ஏது?

◆ சென்னை எண்ணூர்க் கரையில் நிற்கும் காருக்கு உப்புக்காற்றே எமன். ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, உப்புக்காற்று கிடையாது. இங்கே ஸ்க்ரூ இறுகுவதற்கு வெப்பமும் மழைக்காலமும்தான் முக்கியக் காரணங்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. 2020 அக்டோபர் 13 அன்று கொட்டிய மழையில் நகரின் பல காலனிகள் மூழ்கின. கார்கள் தெருவில் மிதந்து போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அப்படிச் சேற்றுத் தண்ணீரில் ஊறிய பழைய கார் வாங்கியிருந்தால், டிஸ்க் ஸ்க்ரூ சுலபமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

◆ ஸ்க்ரூ ‘ஸ்லிப்’ ஆவதற்குத் துருவைவிடப் பெரிய காரணம் நம் வீட்டு ஸ்க்ரூடிரைவர்!

ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கு அளவெண் உண்டு. வீட்டில் மிக்ஸிக்கும் பிளக்குக்கும் பயன்படுவது 2-ஆம் எண். 3 முதல் 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூக்களுக்கானது அது. டிஸ்க்கில் இருக்கும் 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 3-ஆம் எண் வேண்டும். 2-ஆம் எண் உள்ளே போகும், உட்கார்ந்தது போலவும் தெரியும், ஆனால் பள்ளத்தின் ஓரங்களை அது தொடுவதில்லை. பலம் கொடுத்ததும் துள்ளி வெளியே வரும். இரண்டு துள்ளல் போதும், வெட்டு வட்டமாகிவிடும். கடையில் கேட்கும்போது ‘பெரிய ஸ்டார்’ என்று சொல்லாமல், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால், இதை வையுங்கள்.

துள்ளி வருவது அந்தத் தலையின் கூடப்பிறந்த குணம். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1930-களில் இந்த ஸ்டார் தலையைப் பரப்பினார். 1936-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் காரில் பயன்படுத்தத் தொடங்கியது. சரிவான பள்ளம் என்பதால் டிரைவர் தானாக நடுவில் வந்து உட்காரும். அசெம்பிளி வரிசையில் வேகம் கூடும். ஆனால் அதே சரிவுதான் பலமாகத் திருகும்போது டிரைவரை வெளியே தள்ளுகிறது. மாட்டுகிறவருக்கு வரமாக இருந்தது கழற்றுகிறவருக்குச் சாபமாகிவிட்டது.

ஜப்பான் கார்களில் இன்னொரு நுணுக்கம். அங்கே ஸ்டார் வெட்டுக்குத் தனித் தரம் இருக்கிறது. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், பள்ளத்தின் கோணம் சற்று வேறு. ஸ்க்ரூ தலையில் ஒரு சின்னப் புள்ளி பொறித்திருந்தால் அது ஜப்பான் தரம். அதற்குரிய டிரைவர் கிடைத்தால் வாங்கி வையுங்கள். பிடிப்பு நன்றாகவே வித்தியாசப்படும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆறு முனை டார்க்ஸ் தலை என்பதால் டிரைவர் துள்ளாது. ஆனால் பள்ளத்தில் அடைந்திருக்கும் சேற்றை ஊசியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் டிரைவரை நுழைக்க வேண்டும்.

◆ ஓங்கி அடித்தால் தானாகத் திரும்பும் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. பெயர் இம்பாக்ட் டிரைவர். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். தடித்த உருளைக்குள் சரிவான ஒரு பாதை. பின்புறம் சுத்தியலால் அடித்தால் அந்த அடியில் ஒரு பங்கு முனையை ஸ்க்ரூவுக்குள் அழுத்தும், இன்னொரு பங்கு சில டிகிரி திருப்பும். டிரைவர் துள்ளத் துடிக்கும் அதே கணத்தில் அதை உள்ளே அழுத்துகிறது பாருங்கள், அங்கேதான் இதன் சூட்சுமம். செகந்தராபாத் ராணிகஞ்சில் டூல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பழைய, கனமான கருவி வேண்டுமென்றால் வியாழக்கிழமை கூடும் ஜுமேராத் பஜாரில் தேடலாம். வாங்கும் முன் முனையைக் கழற்றிப் பாருங்கள், விளிம்பு மழுங்கியிருந்தால் வேண்டாம். புது முனை போட்டு வாங்குங்கள்.

பயன்படுத்தும்போது கழற்றும் திசைக்கு முதலில் திருப்பி வையுங்கள். இதைக் கவனிக்காமல் அடித்து, இருக்கிற ஸ்க்ரூவை இன்னும் இறுக்கிவிடுவது சர்வசாதாரணம். சுத்தியல் ஒரு கிலோவாவது இருக்கட்டும். பத்து முறை தட்டுவதைவிட மூன்று முறை ஓங்கி அடிப்பது மேல். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இரும்புத் துணுக்கு கண்ணுக்குத்தான் பறக்கும்.

◆ காலிப்பரைக் கழற்றும் முன்பே ஸ்க்ரூவை இளக்கிவிட வேண்டும். அப்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தால் டிஸ்க் சுற்றாது. காலிப்பரைக் கழற்றிய பிறகு தவறிக்கூட பிரேக்கை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். கழற்றிய காலிப்பரை அதன் ரப்பர் ஹோஸில் தொங்கவிடுவதும் ஆகாது. கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள்.

◆ டபிள்யூடி-40 என்ற ஸ்ப்ரே ஏவுகணைக்காகப் பிறந்தது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற மிகச் சிறிய நிறுவனம், ஈரத்தை விரட்டும் கலவை ஒன்றை 40-ஆவது முயற்சியில் கண்டுபிடித்தது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அது பயன்பட்டது. 1958-இல் கடைக்கு வந்தது. 1961-இல் கார்லா புயல் அமெரிக்க வளைகுடாக் கரையைத் தாக்கியபோது, தண்ணீரில் மூழ்கிய வண்டிகளையும் இயந்திரங்களையும் மீட்பதற்கு லாரி நிறைய அனுப்பினார்கள்.

டிஸ்க் ஸ்க்ரூவைப் பொறுத்தவரை, ஸ்ப்ரே அடித்த கையோடு திருகினால் பலன் குறைவு. கூம்புத் தலை பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் எண்ணெய் மரை வரை போக வழி தேடி ஊற வேண்டும். முந்தின இரவே அடித்துவிட்டு, காலையில் தலையின் மேல் தட்டையான பஞ்ச் வைத்துச் சுத்தியலால் நேராக நாலு போடு போடுங்கள். துருவின் பிடி அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும், எண்ணெய் இறங்கும். என் அனுபவத்தில் எண்ணெயைவிட அந்த நாலு அடிதான் பெரிய வேலை செய்கிறது. பழைய பேட்களைத் திரும்பப் போடுவதாக இருந்தால் அவற்றில் எண்ணெய் படாமல் முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். எண்ணெய் குடித்த பேட் பிரேக் பிடிக்காது.

◆ ஏவுகணை என்றதும் ஹைதராபாத் நினைவுக்கு வராமல் போகாது. ராமேஸ்வரத்து அப்துல் கலாம் 1982-இல் இந்த ஊர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக வந்தார். 1989 மே 22-இல் முதன்முதலாக ஏவப்பட்ட அக்னி, காற்றுமண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது எரிந்துபோகாமல் இருக்க, இங்கே உருவான கார்பன்-கார்பன் என்ற பொருள் கவசமாக இருந்தது. அதே பொருளில் தேஜஸ் போர் விமானத்துக்கான பிரேக் டிஸ்க்குகளையும் ஹைதராபாத் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேலும் வலு குறையாத பொருள் அது. நம் கார் டிஸ்க் வார்ப்பிரும்புதான். அதற்குள் மெல்லிய தகடுகளாகப் படிந்திருக்கும் கிராஃபைட் வெப்பத்தை வேகமாகக் கடத்துகிறது, அதிர்வையும் விழுங்குகிறது. விலையையும் சேர்த்துப் பார்த்தால், சாலைக் காருக்கு வார்ப்பிரும்பை வெல்ல இன்னும் எதுவும் வரவில்லை.

◆ சூடு காட்டிக் கழற்றுவது பழைய, நல்ல வழி. ஆனால் இதில் உயிருக்கு ஆபத்தான ஒரு கூட்டு இருக்கிறது. பிரேக் கிளீனர் ஸ்ப்ரேக்களில் சில குளோரின் சேர்ந்தவை. அதை அடித்த இடத்தில் கேஸ் டார்ச்சோ வெல்டிங்கோ பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் விஷவாயுவாகப் பயன்பட்டதே, அதேதான். சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு நுரையீரலைத் தாக்கும். டப்பாவில் ‘குளோரின் இல்லாதது’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்படியே இருந்தாலும் அது எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு. ஸ்ப்ரே வேறு நாள், நெருப்பு வேறு நாள். ஹப்புக்குள் பேரிங் கிரீஸும் ஏபிஎஸ் சென்ஸாரும் இருப்பதால், வீட்டில் இந்த வழிக்கே போக வேண்டாம் என்பது என் கட்சி.

◆ தலை முழுக்கத் தேய்ந்துவிட்டதா? டிரில் எடுங்கள். நடுவில் பஞ்ச் வைத்து ஒரு குழி. முதலில் 3 மில்லிமீட்டர் பிட், பிறகு 7 அல்லது 8 மில்லிமீட்டர். தலையின் உயரம் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் ஆழம் போக வேண்டாம். மெதுவான வேகம், நல்ல அழுத்தம், இரண்டு சொட்டு எண்ணெய். தலை துண்டாகிப் பிட்டோடு சுற்றும்போது வேலை முடிந்தது. டிஸ்க்கைக் கழற்றியதும், மிச்சத் தண்டு ஹப்பிலிருந்து சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். கிரிப் பிளையரால் இறுக்கிப் பிடித்துத் திருப்புங்கள். இழுத்துப் பிடித்திருந்த தலை போய்விட்டதால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் வந்துவிடும்.

ஈஸி அவுட் என்று இடப்பக்க மரை கொண்ட கருவி ஒன்று விற்கிறது. துளைக்குள் செலுத்தித் திருப்ப வேண்டும். அது கடினமான எஃகு, ஆனால் நொறுங்கும் குணமுள்ளது. உள்ளே உடைந்தால் எந்த சாதாரண டிரில்லும் அதைத் துளைக்காது. வேறு எல்லாம் தோற்ற பிறகே அதைக் கையில் எடுங்கள். மெக்கானிக்குகள் தேய்ந்த தலையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, ஸ்பேனர் போட்டுக் கழற்றுவார்கள். அழகான வேலை, ஆனால் அவர்களிடமே விட்டுவிடலாம்.

◆ ஸ்க்ரூ வந்த பிறகும் டிஸ்க் வரவில்லையா? டிஸ்க்கின் முகத்தில் காலியாக இரண்டு மரைத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல கார்களில், மாருதி சுஸுகி உட்பட, 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அங்கே மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாக ஹப்பைவிட்டு நகர்ந்து வரும். காரைக் கட்டியவர்களே வைத்துக் கொடுத்த வழி. இதை அறியாமல் சுத்தியலால் டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றி அடித்து வீல் பேரிங்கைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

◆ சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், 1966-இல் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸும் ஒரே டிவிஎஸ் குடும்பத்தில் பிறந்தவை. பிரேக்கும் போல்ட்டும் ஒரே வட்டாரத்திலிருந்து நாடு முழுக்கப் போயின.

◆ ஜாக்கி காரைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. காரோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி, அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் சுத்தியலை ஓங்கக் கூடாது. பஞ்சாரா ஹில்ஸ் போன்ற சரிவுத் தெருக்களில் இந்த வேலையே வேண்டாம். சமதளத்துக்குக் கொண்டுபோய், மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். பிரேக் தூளை ஊதவும் கூடாது. பழைய, மலிவான பேட்களில் கல்நார் இருந்திருக்கலாம்; ஈரத் துணியால் துடையுங்கள்.

◆ புது டிஸ்க் வாங்கும் முன் பழையதின் ஓரத்தைப் பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று மில்லிமீட்டரில் அங்கேயே வார்த்திருப்பார்கள். அதற்கு மேல் இருந்தால், விரிசலும் நெளிவும் இல்லாவிட்டால், மாற்றவே தேவையில்லாமல் இருக்கலாம். மாற்றினால் இடமும் வலமும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டும்போது கவனம் ஸ்க்ரூவுக்குப் போக வேண்டாம், ஹப்பின் முகத்துக்குப் போகட்டும். அங்கே ஒட்டியிருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். 0.1 மில்லிமீட்டர் துரு மிஞ்சினாலே டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் பெடல் காலுக்கடியில் துடிக்க ஆரம்பிக்கும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை முழுவதும் துடைத்தெடுங்கள். புது ஸ்க்ரூவின் மரையில் மட்டும், மரை இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை, அரிசியளவு. ஒரு துளிகூட டிஸ்க்கின் உராயும் முகத்துக்கு வரக் கூடாது. துருவுக்குப் பயந்து கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவைப் போடாதீர்கள். வார்ப்பிரும்போடு சேரும்போது ஈரத்தில் அது புதுத் தொல்லையைக் கொண்டுவரும். கம்பெனி ஸ்க்ரூவைப் போட்டு, மணிக்கட்டு பலத்தால் இறுகும்வரை திருகினால் போதும். ஸ்க்ரூ கையில் இல்லை, கடை மூடிவிட்டது என்றால், அது இல்லாமலே சக்கரத்தை மாட்டி ஓட்டலாம்.

வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரென்ச்சால், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு. காரை நகர்த்தும் முன் பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பெடல் கெட்டியாகிறதா என்று பாருங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை முதல் மிதி வெறும் காற்றில் போகும். முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நட்டுகளின் முறுக்கைச் சரிபார்த்துவிடுங்கள். முதல் சில நாட்கள் மிதமான வேகத்திலிருந்து மெதுவாகப் பிரேக் பிடித்துப் பழக்கினால் புது டிஸ்க்கும் பேட்டும் ஒன்றோடொன்று படிந்துகொள்ளும்.